அந்த பாலாறு ஸ்லைடை எடுக்காத கண்ணு

கண்ணு,

சயின்ஸ் புரோகிராமுக்கு ஸ்டூடண்ட்ட கூட்டிக்கினு ஜப்பான் போயிருக்க, போன்ல பேசினா நீ "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். மூணரை மணி நேரம் நமக்கு முன்னாடி ஓடுதாமே ஜப்பான், இங்க ஒம்பதுன்னா அங்க பன்னண்டரை, நீ தூங்கிக்கினு இருப்ப. காலைல எழுந்து படி. ஆனா முழுசா படி, பாதியில விட்டுட்டு தம்ஸ் அப் போடாத.

உன் ஸ்டூடண்ட்டோட அம்மா நேத்து சாயங்காலம் வந்தாங்க. பீடி முறத்த இடுப்புல வெச்சிக்கினே வந்தாங்க பாவம், ரெண்டு நிமிஷம் நிக்கறதுக்குள்ள "டீச்சரம்மா போன் பண்ணாங்களா, புள்ள சாப்பிடுதா"ன்னு நாலு வாட்டி கேட்டாங்க. நீ அனுப்பிச்ச ஸ்கூல் போட்டோவ காட்டினேன். நான் மூஞ்சியத்தான் பார்ப்பாங்கன்னு நெனச்சேன், அவங்க காலப் பார்த்தாங்க. "இன்னாக்கா இது, எல்லா புள்ளைங்களும் ஒரே மாதிரி செருப்பு போட்டுக்கினு கீது"ன்னாங்க. வூட்டுக்காரரு பேர்ணாம்பட்டுல ஷூ கம்பெனிக்குப் போறவரு இல்லியா, அவங்க கண்ணு அங்கதான் போவும். வெளியில போட்டுக்கினு வர்றத வாசல்ல ரேக்குல வெச்சிட்டு உள்ளாற நடக்கறதுக்குன்னே வேற ஒண்ணு போடறாங்களாம்னு நீ சொன்னத சொன்னேன். "நம்ம வூடு மாதிரியே வெச்சிக்கறாங்க பாரு"ன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம். அங்க புள்ளைங்களே ஸ்கூல கூட்டிப் பெருக்கிக்கறாங்கன்றதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல. நம்ம ஊர்ல புள்ளைங்கள பெருக்கச் சொன்னா என்ன ஆவும்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுவும் எந்தப் புள்ளைங்கள கூப்பிட்டு பெருக்கச் சொல்லுவாங்கன்னும் தெரியும். அங்க எல்லா புள்ளையும் பெருக்குது, அதான் வித்தியாசம். நீ திரும்பி வந்து அசெம்பிளில பேசும்போது இத மறந்துட்டு "ஜப்பான்ல ஸ்டூடண்ட்ஸே கிளீன் பண்றாங்க"ன்னு மட்டும் சொல்லி வெக்காத.

சாப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன், ரிட்டயர் ஆனாலும் சத்துணவு அமைப்பாளர் புத்தி எங்க போவும். அந்த ஹைஸ்கூல்ல புள்ளைங்க டிபன் பாக்ஸ் கொண்டாந்துதான் சாப்பிட்டாங்கன்னு சொன்ன, ஆனா சின்ன ஸ்கூல்ல எல்லாருக்கும் ஸ்கூல்லயே சாப்பாடாம், புள்ளைங்களே வெள்ளை ஏப்ரன் கட்டிக்கினு மாஸ்க் போட்டுக்கினு வரிசையா நின்னு பரிமாறுவாங்களாம், ஹெட்மாஸ்டர் மொதல்ல சாப்பிட்டுப் பார்த்த பெறவுதான் புள்ளைங்களுக்கு போவுமாம். கடைசி விஷயத்த கேட்டதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நம்ம ஊர்லயும் அதே ரூல்தான், நாங்க வாயில வெச்சுப் பார்க்காம ஒரு தட்டுக்குக் கூட போடக்கூடாது. அங்க 1889ல ஒரு ஊர்ல ஏழைப் புள்ளைங்களுக்கு சோத்து உருண்டையும் கருவாட்டு மாதிரி உப்பு மீனும் ஊறுகாயும் போட்டு ஆரம்பிச்சாங்களாம், 1954ல சட்டமே போட்டுட்டாங்களாம். இங்க காமராஜர் 1956ல மதிய உணவு, எம்ஜிஆர் 1982ல சத்துணவு, இப்ப 2022லேர்ந்து காலை டிபனும் வந்துடுச்சு. இத அங்க யாராவது கேட்டா தலைய நிமித்தி சொல்லு. "நாங்க கத்துக்க வந்திருக்கோம்"னு மட்டும் சொல்லிக்கினு இருக்காத, இந்த விஷயத்துல அவங்களும் நம்மகிட்ட பேசறதுக்கு நெறைய இருக்குது. முட்டை வாரத்துக்கு அஞ்சு நாளும் போடறோம்னு சொல்லு, முழிப்பாங்க.

பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் தீர்ந்துடுச்சுன்னா சொல்லு, என்னால ஒண்ணும் பண்ண முடியாது, இருந்தாலும் சொல்லு. மட்டன் ஊறுகாய் வெச்சு தர்றேன்னேன், அங்க கறி சமாச்சாரம் எதுவும் ஏர்போர்ட்ல விடமாட்டாங்கன்னு நீ தடுத்துட்ட, சரிதான், ரூல்னா ரூல்தான்.

இப்ப எதுக்கு இவ்ளோ நீட்டறேன்னா, உனக்கு நான் சொல்ல வந்தது வேற.

நீ குரூப்புல போட்ட வீடியோவ பார்த்தேன். அந்த ஜப்பான் பசங்க நாலு பேர் நம்ம புள்ளைய சுத்தி நின்னுக்கினு ஏதோ கேக்கறாங்க, அவ வாய தெறக்கறா, அதுக்குள்ள நீ குறுக்க வந்து கடகடன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்ட. அவ வாய மூடிக்கினா. மறுபடியும் ஒருத்தி கேக்கறா, மறுபடியும் நீ. கண்ணு, நீ நல்லா பேசற, அதுல எனக்கு பெருமைதான், ஆனா அந்தப் பசங்க உன்கிட்டயா கேட்டாங்க? அவங்க இங்கிலீஷும் ஒண்ணும் பெரிய இங்கிலீஷ் இல்ல, நிறுத்தி நிறுத்தித்தான் பேசறாங்க, ரெண்டு பக்கமும் தடுமாறிக்கினே பேசிக்கிட்டா அதுலதான் சிநேகிதம் வரும். நீ சூப்பர்வைசரா போயிருக்க, புள்ளைங்க பாஸ்போர்ட்டு, காய்ச்சல், டைமுக்கு பஸ் ஏறுதா இதெல்லாம் உன் வேல. அவ வாய் அவளோடது. சத்துணவு கூடத்துல நான் பார்த்திருக்கேன், வாங்கித் தர ஆள் இருக்கற புள்ள தட்ட நீட்டாது, அண்ணன் வாங்கித் தருவான்னு பின்னாடி நிக்கும், அண்ணன் வராத அன்னைக்கு பட்டினியோட வீட்டுக்குப் போவும்.

இது கூட பரவால்ல. ராத்திரி நீ போன்ல சொன்னத நெனச்சுதான் எனக்கு தூக்கம் வரல. அவ தயார் பண்ணின பிரசன்டேஷன்ல, தோல் கம்பெனி கழிவால கெட்டுப்போன நம்ம பாலாறு பத்தின ஸ்லைடுங்கள எடுத்துடச் சொல்லிட்டேன்னு சொன்ன. அதுக்கு பதிலா வேலூர் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஸ்ரீபுரம் கோல்டன் டெம்பிள் போடறேன்னு. "நாட்டோட பேர்ல போயிருக்கோம், நம்ம ஊர் சாக்கடைய அங்க போய் காட்டணுமாம்மா"ன்னு கேட்ட. நான் அப்ப பதில் சொல்லல, ரயில் சத்தம் மாதிரி லைன்ல ஏதோ இரைச்சல் வேற. இப்ப சொல்றேன். காட்டணும்.

அந்தப் புள்ள எதனால செலக்ட் ஆச்சுன்னு நெனச்சுப் பாரு. மார்க்கு மட்டுமா? அவ ஊர் கிணத்துத் தண்ணியையும் ஆத்து ஊத்துத் தண்ணியையும் பாட்டில் பாட்டிலா புடிச்சு டெஸ்ட் பண்ணிக்கினு நோட்ல எழுதி வெச்சாளே அதனாலதான். நம்ம வீட்டு திண்ணையிலயே உக்காந்து அந்த பேனா மாதிரி மீட்டர விட்டு எனக்கு காட்டினா. டிடிஎஸ், அதான் தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும் ஆயா, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு கவர்மெண்ட்டே சொல்லுது, எங்க கிணத்துல அதுக்கும் மேல காட்டுதுன்னா. எனக்கு மீட்டர் எல்லாம் வேணாம், எனக்கு பருப்பு சொல்லிடும். நான் வேல பார்த்த ஸ்கூல் போர் தண்ணில துவரம்பருப்ப எவ்ளோ நேரம் கொதிக்க விட்டாலும் கல்லு மாதிரியே நிக்கும், சோடா உப்பு போட்டா ருசி போய்டும், அதனால சமையல்காரம்மா ரெண்டு பேரும் காவேரித் தண்ணி லாரிக்கு குடத்தோட ஓடுவாங்க. அதையெல்லாம் அவகிட்ட சொன்னேன், எழுதிக்கினா. அந்த ஸ்லைடுல "சமையல் கூடம்"னு ஒண்ணு இருக்குது இல்ல, அது என்கிட்ட கேட்டு எழுதினது. இப்ப அதையா எடுத்துட்ட?

ஜப்பான் ஆளுங்களுக்கு முன்னாடி வெக்கம்னு நெனக்கற. அவங்களுக்கு இது தெரியாத விஷயமா? மினமாட்டா அவங்க ஊர்தானே. ஒரு கெமிக்கல் கம்பெனி பாதரசத்த கடல்ல விட்டுது, மீன் சாப்பிட்ட ஜனங்களுக்கு கை கால் இழுத்துக்கிச்சு, பூனைங்க பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடி செத்துச்சு, 1956ல வியாதின்னு கண்டுபுடிச்சாங்க, அந்த கம்பெனியாலதான்னு கவர்மெண்ட் வாயத் தெறந்து ஒத்துக்க 1968 ஆச்சு. பன்னெண்டு வருஷம். இதையும் அந்தப் புள்ளதான் எனக்கு சொன்னா, அவ ஸ்லைடுல பாலாறும் மினமாட்டாவும் பக்கத்து பக்கத்துல போட்டிருந்தா. பாதரசத்துக்காக உலக நாடுங்க எல்லாம் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துக்கே அந்த ஊர் பேரத்தான் வெச்சிருக்காங்களாம் பாரு. அவங்க அவங்க அசிங்கத்த மறைக்கல, போர்டு மாட்டி வெச்சிருக்காங்க. நீ போய் கோல்டன் டெம்பிள் காட்டினா "பியூட்டிஃபுல்"ன்னு சொல்லி கை தட்டிட்டு போய்டுவாங்க. தண்ணிய காட்டினா உக்காந்து கேப்பாங்க.

இன்னொண்ணு. நம்ம ஊர் அழுக்கு நம்ம ஊரோட மட்டும் நிக்கற சமாச்சாரமா? தோல் பதம் பண்ணி ஷூ தெச்சு ஆம்பூர்லேர்ந்தும் ராணிப்பேட்டையிலேர்ந்தும் ஜெர்மனி, இத்தாலின்னு கப்பல் ஏறுது. தோலு கெடாம இருக்க போட்ட உப்பு, குரோமியம் எல்லாம் இங்க மண்ணுலயே தங்கிடுச்சு. ஷூ அங்க, உப்பு இங்க. அப்ப வெளிநாட்டுக்காரங்க தெரிஞ்சிக்கிட்டா என்ன தப்பு? சொல்லப்போனா அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும்.

டேனரிய, அதான் தோல் பதம் பண்ற கம்பெனிய, மூடுன்னு அவ சொல்லல, அத நல்லா பார்த்துக்கோ. அவ நைனா சம்பளம் அதுலேர்ந்துதான் வருது, அவளுக்கு உன்ன விட என்ன விட நல்லா தெரியும். 1996ல சுப்ரீம் கோர்ட் வேலூர் கேஸ்ல சொன்னதையும் போட்டிருக்கா, கெடுத்தவந்தான் செலவு பண்ணி சரி பண்ணணும்னு, இன்னைக்கும் நாடு பூரா அந்த தீர்ப்பத்தான் எடுத்துக் காட்டறாங்களாம். சுத்திகரிப்பு நிலையம் வந்தது, 2025 ஜனவரியில மறுபடியும் கோர்ட் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது, எல்லாம் இருக்குது. இதுல நாட்டுக்கு என்ன கெட்ட பேரு? ஊர் ஜனங்க கோர்ட்டுக்கு போய் ஜெயிச்ச கத அது. வக்கீல் மாதிரி வரிசையா வெச்சிருக்கா, பதினாறு வயசுல.

கோட்டைய போட வேணாம்னு சொல்லல. போடு. ஆனா கோட்டைய போட்டா நம்ம ஊர் பழமொழியையும் போடணும், ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. சாமி 1981லயே கோயிலுக்கு திரும்பிட்டாரு. ஆறு தான் பாக்கி. 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடினப்ப ஜனங்க பாலத்து மேல நின்னு செல்பி எடுத்தாங்களே ஞாபகம் இருக்குதா, போலீஸ் வெரட்டி வெரட்டி பார்த்தும் போவல, ஆத்துல தண்ணிய பார்க்க அவ்ளோ ஏக்கம். இத அப்படியே அவள சொல்லச் சொல்லு, பயங்கரமா சொல்லுவா.

உன் கவலையும் புரியுது. மேல இருக்கறவங்க யாராவது ஏன் இத விட்டீங்கன்னு கேட்டா உன் தல தானே உருளும். அதுக்கு ஒண்ணு பண்ணு, கூட வந்திருக்கற மத்த ஸ்டேட் டீச்சருங்ககிட்ட முன்னாடியே ஒரு வாட்டி போட்டு காட்டு, இது புள்ளையோட சயின்ஸ் பிராஜெக்ட், செலக்ஷன்ல பார்த்ததே இதத்தான்னு சொல்லு. அது உண்மையும் கூட. கூட்டிக்கினு போனதே சயின்ஸ் புரோகிராம்னு தானே, டூரிசம்னு இல்லையே. அங்க யூனிவர்சிட்டி லேப்ல தண்ணி டெஸ்ட் பண்றவங்க யாராவது இருந்தா அவள கொண்டு போய் நிறுத்து, நிறுத்திட்டு நீ ரெண்டு அடி பின்னால வா. அவ தப்பா இங்கிலீஷ் பேசட்டும். வார்த்த வரலன்னா பேப்பர்ல படம் போட்டு காட்டுவா, நமக்கு திண்ணையில போட்டு காட்டினா இல்ல.

மத்தபடி இங்க எல்லாம் சௌக்கியம். அக்னி முடிஞ்சு இத்தன நாளாச்சு, வெய்யில் இன்னும் எறங்கல, மாடி வீட்ல படுக்க முடியாம உங்க நைனா வாசல்ல கயித்துக் கட்டில் போட்டுட்டாரு. உங்களுக்கு அங்க மழைக்காலமாம், குடைய ஹோட்டல்லயே வெச்சிட்டு போய் நனையாத, உனக்கு சளி புடிச்சா ஒரு மாசம் ஆவும்.

பிரசன்டேஷன் வியாழக்கிழமைன்னு சொன்ன. இன்னும் டைம் இருக்குது. டெலிட் பண்ணினத உன் லேப்டாப்ல எங்கயாவது வெச்சிருப்ப, இல்லன்னா அவ பென்டிரைவ்ல பழசு இருக்குது, காட்பாடியில ரயில் ஏர்ற வரைக்கும் அத கழுத்துல மாட்டிக்கினு தான் நின்னா. திரும்ப போட்டுட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. ஸ்லைட எடுத்துட்டன்னு அவ அம்மாகிட்ட நான் சொல்லல, சொல்ற மாதிரியும் வெச்சிடாத.

அம்மா