மாலத்தீவுச் சுற்றுலா: விளம்பரம் சொல்லாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் அண்மையில் வெளியான மாலத்தீவுக் கட்டுரையையும், அதன் கீழே இடம்பெற்றிருந்த பயண நிறுவன விளம்பரத்தையும் படித்தேன். "கடலில் மூழ்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று அந்த விளம்பரம் வாசகரை அழைத்திருந்தது. தொண்ணூறுகளில் நான்கு ஆண்டுகள் அந்நாட்டின் தீவுப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்தவள் நான். பிறந்து வளர்ந்தது குளச்சல் கரையில். அந்த வரி என் மனத்தைப் புண்படுத்தியது. மக்கள் குடியிருக்கும் ஊர்களை, அழியப்போகும் காட்சிப்பொருள் என்று சொல்லி விற்பது தகாது.

சுமார் 1,190 பவளத் தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 200 மட்டுமே. பெரும்பாலான தீவுகள் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரமில்லாதவை. 1987 ஏப்ரலில் பேரலைகள் தலைநகர் மாலேக்குள் புகுந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அப்போதைய அதிபர் கயூம் ஐ.நா. பொதுச்சபையில் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். 2009-இல் அதிபர் நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்திய படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு இந்த ஆபத்து முதலில் தெரியவருவது கிணற்றில்தான். தீவின் மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அதுவே அவர்களுடைய நன்னீர். அலை ஒருமுறை தீவின்மேல் ஏறிவிட்டால் அந்தப் படலம் கெட்டுவிடும். நான் அங்கிருந்தபோது சமையலுக்கு இறைத்த கிணறு, 2004 சுனாமிக்குப் பிறகு எதற்கும் உதவாமல் போயிற்று என்று என்னிடம் படித்த பெண் ஒருத்தி சொன்னாள். இப்போது அவள் வீட்டு வாசலில் மழைநீர்த் தொட்டி நிற்கிறது. கோடையில் அது வற்றினால் தண்ணீர் படகில் வர வேண்டும்.

அவளைச் சந்தித்தது சென்ற ஜனவரியில். திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான் என்று சொல்லி மகளும் மருமகனும் என்னை அழைத்துச் சென்றார்கள். முதல் இரண்டு இரவுகள், தனித் தீவு ஒன்றில் கடல்மீது கால்நட்டுக் கட்டப்பட்ட சொகுசு விடுதியில் தங்கினோம். ஒவ்வொரு குடிலுக்கும் தனி நீச்சல் குளம் இருந்தது. அந்த நீர் முழுவதும் கடல்நீரிலிருந்து டீசல் மின்சாரத்தைக் கொண்டு எடுக்கப்படுவது. விருந்தினர் எழுவதற்கு முன் விடியற்காலையில் ஓர் இயந்திரம், தீவைச் சூழ்ந்த ஆழமற்ற கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சமையல்கூடத்தில் வேலை பார்க்கும் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன் ஒருவன், "இது வருஷா வருஷம் உள்ளதாக்கும் டீச்சர்" என்றான்.

இதன் காரணம் நம் கரையில் வாழ்கிறவர்களுக்கு எளிதில் விளங்கும். அத்தீவுகளின் மணல் தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு பக்கமும் வடகிழக்குப் பருவக்காற்றில் மறுபக்கமுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். நம் ஊர்களிலும் ஆனி, ஆடியில் கடல் எடுத்துச் செல்லும் மணல் பின்னர் மெல்லத் திரும்பி வருவதைப் பார்த்தே வளர்ந்தோம். அந்த ஓட்டத்தின் குறுக்கே படகுத்துறையோ சுவரோ எழும்போது ஒரு பக்கம் மணல் சேர்கிறது, மறுபக்கம் கரை அரிக்கப்படுகிறது. ஓரிடத்தில் கரையிலிருந்து கடலுக்குள் கல்லடுக்கிப் போடப்பட்ட தூண்டில் வளைவு அடுத்த ஊரின் கரையைத் தின்பதை நம் மேற்குக் கரையிலும் காண்கிறோம். விடுதிக்குப் பணம் இருப்பதால் போன மணலை ஆண்டுதோறும் மீட்டுக்கொள்கிறது. அப்படி உறிஞ்சும்போது கலங்கும் சேறு பவளத்தின்மேல் படிகிறது. அலையின் வேகத்தை உடைப்பதும், பொடிந்து அந்த வெண்மணலாவதும் அந்தப் பவளமே. 1998-இல் கடல் வெப்பத்தால் பெருமளவு வெளுத்து அழிந்து, மீண்டு வந்த பவளம் அது. மக்கள் வாழும் தீவிலோ, மணல்மூட்டைகளை அடுக்கிவிட்டு அரசின் தடுப்புச் சுவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் தொலைவில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறோம். 2007 மே மாதம் அத்தகைய அலைகள் மாலத்தீவின் பல தீவுகளுக்குள் புகுந்தன. 2024 மே மாதம், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில், நம் மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை நாம் இழந்தோம். சுனாமிக்குப் பிறகு மாலத்தீவின் கந்தொலுதூ தீவின் மக்கள் அனைவரும் ஊரையே விட்டு வேறு தீவில் குடியேற்றப்பட்டார்கள். கடலோரத்திலிருந்து சுனாமி காலனிகளுக்குப் போன நம் குடும்பங்களுக்கு அந்த வலி தெரியும். நம் கரையோர ஊர்களான அழிக்காலிலும் பிள்ளைத்தோப்பிலும் கடல் வீடுகளுக்குள் வரும் நாளில், "இந்த ஊர் போவதற்குள் பார்த்துவிடுங்கள்" என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

மாலத்தீவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுற்றுலா அவர்களுடைய முதன்மையான வாழ்வாதாரம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதுவே சோறு போடுகிறது. ஆனால் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதைக் கட்டுரை ஓரிடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009 முதல் அனுமதி உண்டு. அங்கே கொடுக்கும் வாடகை அந்த ஊர்க் குடும்பத்தின் கைக்கே போகிறது. சொகுசு விடுதியில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலராக இருந்த, சுற்றுலாப் பயணிகளிடம் அரசு வாங்கும் பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து 12 டாலராகியிருக்கிறது. சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர்தான். மீதி நாட்களை நாங்கள் அப்படியொரு வீட்டில்தான் கழித்தோம். காலையில் ரொட்டியும் தேங்காய்ப்பூவும் சூரைமீனும் பிசைந்த உணவும் கொடுத்தார்கள். மாலையில் கடற்கரையில் பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

தாங்கள் அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, அந்த விடுதிக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கரைக்கு மணல் எங்கிருந்து வருகிறது, பக்கத்துத் தீவில் யார் வாழ்கிறார்கள் என்பவற்றையும் எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அந்த விளம்பரத்தை மீண்டும் வெளியிட நேர்ந்தால், மூழ்குவதைப் பற்றிய அந்த ஒரு வரியையேனும் நீக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.