நடக்காமல் போன தீர்க்கதரிசனத்தை வேதாகமம் ஏன் ஒளிக்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமத் தீர்க்கதரிசனங்கள் நிறைவேறினவா இல்லையா என்று தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் விவாதத்தை, கொடைக்கானலில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்ற முறையிலும், தென்னிந்தியத் திருச்சபையின் உறுப்பினன் என்ற முறையிலும் தொடர்ந்து படித்து வருகிறேன். இந்த விவாதம் தாளோடு நின்றுவிடவில்லை. மூஞ்சிக்கல்லிலும் ஏழு ரோடு சந்திப்பிலும் கடைசிக் காலத்தின் அடையாளங்களை வரிசைப்படுத்தும் துண்டறிக்கைகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு மறுப்பாக, நிறைவேறாத தீர்க்கதரிசனங்களைத் தொகுத்துப் பகுத்தறிவு நண்பர்களும் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டையும் வாங்கி வரிவரியாக வாசித்த பிறகே இதை எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றிலும் முரண்படும் இவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்: தீர்க்கதரிசி என்பவர் பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே பார்த்துச் சொன்னவர், சொன்னது நடந்தால் வேதம் மெய், நடக்காவிட்டால் பொய். இந்த அளவுகோல் வேதாகமத்துக்குள்ளேயே செல்லுபடியாகவில்லை என்பதுதான் என் வாதம்.

எரேமியா 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். யோயாக்கீம் யூதா நாட்டின் அரசனான தொடக்கத்தில், ஏறத்தாழ கி.மு. 609இல், எருசலேம் ஆலயப் பிராகாரத்தில் நின்று, மக்கள் தங்கள் வழிகளைத் திருத்திக்கொள்ளாவிட்டால் இந்த ஆலயம், முன்பு கர்த்தரின் கூடாரம் இருந்து பின்னர் பாழாய்ப்போன சீலோவைப் போல ஆகும் என்று எரேமியா அறிவிக்கிறார். ஆசாரியர்களும் மற்றத் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்துக்கொண்டு, இவன் சாகத்தான் வேண்டும் என்கிறார்கள். வழக்கு பிரபுக்களின் முன் வருகிறது. அப்போது தேசத்து மூப்பர்களில் சிலர் எழுந்து ஒரு முன்னுதாரணத்தை எடுத்துவைக்கிறார்கள். எசேக்கியா அரசனின் நாட்களில் மீகா என்ற தீர்க்கதரிசி, சீயோன் வயலைப் போல உழப்படும், எருசலேம் மண்மேடாகும் என்று சொன்னார். அதற்காக எசேக்கியா அவரைக் கொன்றாரா? இல்லை, கர்த்தருக்குப் பயந்து மன்றாடினார், கர்த்தரும் தாம் சொல்லியிருந்த தீங்கைச் செய்யாமல் விட்டார் என்பது அவர்கள் வாதம்.

மீகாவுக்கும் இந்த விசாரணைக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. உழப்படாமல் நின்ற அதே நகரத்தின் நடுவில் இருந்துகொண்டு பேசிய அந்த மூப்பர்கள், மீகாவைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது இன்னொரு காலத்தில் நடக்கும், பொறுத்திருங்கள் என்றும் சமாளிக்கவில்லை. அது நடக்காமல் போனதையே மீகாவின் சொல்லுக்குக் கிடைத்த பலனாக எடுத்துக்காட்டி, இன்னொரு தீர்க்கதரிசியின் உயிருக்காக வாதாடினார்கள். பின்னர் கி.மு. 586இல் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்ததைக் காட்டி, மீகா சொன்னது இறுதியில் நிறைவேறிவிட்டதே என்று விசுவாசிகள் சிலர் மகிழலாம். ஆனால் அந்த வீழ்ச்சியை அறியாத மூப்பர்கள்தாம் அன்று மீகாவை மெய்யான தீர்க்கதரிசி என்று ஏற்றுக்கொண்டார்கள். அதே அதிகாரத்தின் முடிவில் உரியா என்ற ஒருவரைப் பற்றியும் வாசிக்கிறோம்: எரேமியா சொன்னதையே சொன்னவர், எகிப்துக்குத் தப்பியோடியவர், அங்கிருந்து பிடித்துவரப்பட்டு யோயாக்கீமின் வாளால் மாண்டவர். சாப்பானின் மகன் அகீக்காம் துணைநின்றதால் எரேமியா பிழைத்தார். தீர்க்கதரிசனத்துக்கு என்ன பொருள் என்ற கேள்வி ஒரு மனிதரின் உயிரைப் பணயமாக வைத்து விசாரிக்கப்பட்ட இந்தப் பகுதி, நான் வாசித்த துண்டறிக்கைகளில் ஒன்றிலும் இல்லை.

யோனாவின் கதை எல்லோருக்கும் தெரியும். நாற்பது நாளில் கவிழும் என்று சொல்லப்பட்ட நினிவே நகரம், அதன் மக்கள் மனந்திரும்பியதால் கவிழவில்லை. அதைக் கண்டு வருந்தியவர் தீர்க்கதரிசி ஒருவரே. எரேமியா 18ஆம் அதிகாரமோ இதை ஒரு பொது நியதியாகவே சொல்லிவிடுகிறது: அழிப்பேன் என்று சொல்லப்பட்ட ஜாதி, அதாவது தேசம், மனந்திரும்பினால் அழிவு விலகும், கட்டுவேன் என்று சொல்லப்பட்ட ஜாதி பொல்லாப்புச் செய்தால் நன்மை விலகும்.

இதற்கு எதிராக, கடிதம் எழுதிய பகுத்தறிவு அன்பர் ஒருவர் உபாகமம் 18:22ஐ எடுத்துக்காட்டியிருந்தார். கர்த்தரின் பெயரால் சொன்ன காரியம் நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று அந்த வசனம் சொல்வது உண்மைதான். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வேதாகமம் தரும் பதில் எரேமியா 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், கொண்டுபோகப்பட்ட ஆலயப் பாத்திரங்கள் திரும்பிவரும் என்று அனனியா என்பவர் மக்கள் கேட்க விரும்பியதைச் சொன்னபோது, எரேமியா ‘ஆமென், அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டு ஒரு வேறுபாட்டை முன்வைக்கிறார்: முற்காலத் தீர்க்கதரிசிகள் போரையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் பற்றி எச்சரித்தவர்கள், சமாதானம் வரும் என்று சொல்பவனைத்தான், அது வந்த பிறகு மெய்யானவன் என்று அறிய முடியும். அழிவைச் சொல்பவர் அது நடக்கக் கூடாது என்றே சொல்கிறார். பழனி மலைக் காடுகளில் கோடைக்கு முன்னால் தீ வரும் என்று எச்சரிக்கும் வனக்காவலரின் சொல்லைக் கேட்டுத் தீத்தடுப்புக் கோடு வெட்டிய ஊர், தீ வராத ஆண்டில் அவரைப் பொய்யர் என்று சொல்வதில்லை.

எதிர்த்தரப்பின் மிகக் கூர்மையான கேள்வியை இங்கே நானே எழுப்பியாக வேண்டும். நடந்தால் நிறைவேற்றம், நடக்காவிட்டால் மனந்திரும்புதல் என்றால், அந்தத் தீர்க்கதரிசனத்தை எதைக் கொண்டுதான் சோதிப்பது? எந்த முடிவு வந்தாலும் சரியாகிவிடும் கூற்று எதையும் நிரூபிக்காதே? ஆம், நிரூபிக்காது. அதை ஒப்புக்கொள்ள விசுவாசிகள் தயங்கக் கூடாது. தீர்க்கதரிசனம் கடவுள் இருப்பதற்கான சான்று என்று மேடைதோறும் முழங்குவதை நாம் நிறுத்த வேண்டும். தீர்க்கதரிசிகள் அதற்காகப் பேசவில்லை. அவர்களுடைய கேட்போர் எல்லோரும் ஏற்கெனவே கடவுளை நம்பியவர்கள். விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்கிக்கொண்டே ஆலயத்துக்கு வந்துபோவது போதும் என்ற அவர்களுடைய நினைப்பைத்தான் தீர்க்கதரிசிகள் உடைக்கப் பார்த்தார்கள்.

அடுத்து, இரு தரப்பாரும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தீரு நகரம். எசேக்கியேல் 26ஆம் அதிகாரம், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் வந்து தீருவின் மதில்களை இடிப்பான், அது வலை விரிக்கும் வெறும் பாறையாகும், இனி ஒருபோதும் கட்டப்படாது என்கிறது. பாபிலோனியர் பதின்மூன்று ஆண்டுகள் முற்றுகையிட்டும் அந்தத் தீவு நகரத்தைக் கொள்ளையிட முடியவில்லை. கி.மு. 332இல் அலெக்சாண்டர், கரையிலிருந்த பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை அமைத்து, ஏழு மாத முற்றுகைக்குப் பின் அதைப் பிடித்தார். கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரில் போடுவார்கள் என்ற எசேக்கியேலின் வரி அப்படியே நடந்தது என்று விசுவாசிகள் சொல்லும்போது, அந்தப் பொருத்தம் என்னையும் வியக்கவைக்கிறது. ஆனால் நகரம் மீண்டும் எழுந்தது. அப்போஸ்தலர் 21இன்படி பவுல் அங்கே சீஷரைக் கண்டு ஏழு நாள் தங்கினார். லெபனானில் சூர் என்ற பெயரில் இன்றும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இதை மறுப்பது வீண்.

வீண் என்பதை எசேக்கியேலின் புத்தகமே காட்டுகிறது. 29ஆம் அதிகாரத்தில், முதல் வாக்குக்கு ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் தேதியிடப்பட்ட இன்னொரு வாக்கு இருக்கிறது: தீருவுக்கு எதிராக நேபுகாத்நேச்சாரின் படை கடுமையாக உழைத்தது, தலைகள் எல்லாம் மொட்டையாயின, தோள்கள் எல்லாம் தோலுரிந்தன, ஆனாலும் அந்த உழைப்புக்குக் கூலி கிடைக்கவில்லை, ஆகவே எகிப்து அவனுக்குக் கொடுக்கப்படும். முதலில் சொன்னபடி நடக்கவில்லை என்பதைத் தேதியோடு பதிவுசெய்து, முந்தைய வாக்கையும் அழிக்காமல் மூன்று அதிகார இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். தீருவைக் காட்டி வேதாகமத்தின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதும் நண்பர்களும், நூற்றுக்கு நூறு நிறைவேறியது என்று எழுதும் திருச்சபை ஊழியர்களும் இந்த நான்கு வசனங்களை வாசித்திருந்தால் இரண்டு துண்டறிக்கைகளுமே அச்சேறியிருக்காது.

தானியேல் புத்தகத்தைப் பொறுத்தவரை நம் தரப்பில் இன்னும் அதிக நேர்மை வேண்டும். அதன் 11ஆம் அதிகாரம் எகிப்தின் தாலமி அரசர்களுக்கும் சிரியாவின் செலூக்கிய அரசர்களுக்கும் நடந்த போர்களை வியப்பூட்டும் துல்லியத்தோடு சொல்லி, நான்காம் அந்தியோகஸ் கி.மு. 167இல் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது வரை வருகிறது. ஆனால் அவன் இறந்தது அங்கே சொல்லப்பட்டபடி எருசலேமுக்கு அருகில் அல்ல, பாரசீகத்தில். பாபிலோனியச் சிறையிருப்பின் காலத்தில் அல்ல, அந்த நெருக்கடியின் நடுவில் எழுதப்பட்ட நூல் இது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்ற தத்துவ அறிஞர் வாதிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை அறிஞர் ஜெரோம் அவருக்கு விரிவாக மறுப்பு எழுதினார். இன்று கிறிஸ்தவ அறிஞர்களில் பெரும்பாலோர் காலக்கணிப்பில் போர்ஃபிரியின் பக்கமே நிற்கிறார்கள். ஒரு நூல் எப்போது எழுதப்பட்டது என்பதைச் சான்றுகளே தீர்மானிக்க வேண்டும். நம் விசுவாசத்துக்கு எந்தத் தேதி வசதி என்பது சான்றாகாது. துன்புறுத்தப்பட்ட மக்களுக்கு, இந்தக் கொடுங்கோன்மைக்கும் முடிவு உண்டு என்று சொன்ன நூல் என்பதால் என் கண்ணில் அதன் மதிப்பு குறையவில்லை.

இயேசுவைப் பற்றிய தீர்க்கதரிசனங்களை ஏன் தொடவில்லை என்று என் சபையாரே கேட்பார்கள். குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதைச் சொல்லும் மத்தேயு, ‘எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன்’ என்ற ஓசியாவின் வரி நிறைவேறியது என்கிறார். ஓசியா 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், அந்த வரி இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வந்த பழைய நிகழ்ச்சியைத்தான் சொல்கிறது. எதிர்காலத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வேதத்தில் ஊறிய மத்தேயு இதை அறியாதவர் அல்லர். தம் மக்களின் வரலாறு முழுவதும் இயேசுவில் மறுபடியும் நிகழ்கிறது என்று அவர் அறிக்கையிடுகிறார். விசுவாசித்தவர் விசுவாசத்தோடு செய்யும் வாசிப்பு அது. விசுவாசியாதவரை மடக்குவதற்கான ஆதாரமாக அதைப் பயன்படுத்தும்போது மத்தேயுவுக்குத்தான் நாம் அநீதி செய்கிறோம். இந்தத் தலைமுறை ஒழிந்துபோகுமுன் இவையெல்லாம் சம்பவிக்கும் என்று மத்தேயு 24:34இல் இயேசு சொல்வதும் எளிதில் கடந்துபோகக்கூடியதல்ல. கி.பி. 70இல் ஆலயம் இடிக்கப்பட்டதை அது குறிக்கிறது என்ற விளக்கமே எனக்கு ஓரளவு பொருத்தமாகப் படுகிறது. மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதைப் பற்றிய வசனங்களுக்கு அந்த விளக்கம் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என்னை உண்மையில் வருத்தப்படுத்துவது நாள் குறிக்கும் வழக்கம். சந்திரன் இரத்தமாக மாறும் என்ற யோவேலின் வாக்கைக் காட்டி, 2014, 2015 ஆண்டுகளில் வந்த நான்கு முழுச் சந்திர கிரகணங்களும் யூதரின் பஸ்காவிலும் கூடாரப் பண்டிகையிலும் அமைந்ததைப் பெரிய அடையாளமாகப் பரப்பினார்கள். அந்த இரண்டு பண்டிகைகளும் பௌர்ணமியில் வருபவை. சந்திர கிரகணமும் பௌர்ணமியில்தான் வரும். பண்டிகைகளுக்கு நடுவே ஆறு மாதம், கிரகணங்களுக்கு நடுவேயும் பெரும்பாலும் ஆறு மாதம். இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கும் நம் ஊரிலேயே, 2025 செப்டம்பர் 7 இரவு வந்த கிரகணத்தின் படத்தைப் போட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது எவ்வளவு வேதனையானது! யோவேலின் அந்த வாக்கைப் பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் எடுத்துச் சொல்லி, அது இன்றே நிகழ்கிறது என்றாரே, அதையாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

தானியேல் சொல்லும் 2300 நாட்களை ஆண்டுகளாக்கிக் கணக்கிட்ட அமெரிக்கரான வில்லியம் மில்லரின் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். விளைந்ததை அறுக்காமல் விட்ட விவசாயிகள் அவர்களில் இருந்தார்கள். வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார், மறு ஆண்டில் தாம் நாள் குறித்தது பாவம் என்று அறிக்கையிட்டார். அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்ற வசனம் அவர்கள் கையிலிருந்த வேதாகமத்திலும் இருந்தது.

கஜா புயல் 2018 நவம்பரில் இந்த மலையில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தபோதும் கடைசிக் காலம் என்றுதான் பேசினார்கள். மற்றவர்கள் இடமில்லாமல் போகும்படி வீட்டோடு வீட்டைச் சேர்த்து, வயலோடு வயலைக் கூட்டிக்கொள்பவர்களுக்கு ஐயோ என்று ஏசாயா 5:8 சொல்கிறது. சரிவை வெட்டி, ஓடையை மூடி, விதியை மீறி விடுதிகள் எழும்பிய ஓர் ஊரில் இதைவிட நேரடியாகப் பேசும் தீர்க்கதரிசன வசனம் ஒன்று உண்டா? அதைக் குறித்து ஒரு துண்டறிக்கைகூட வரவில்லை. அதை எதிர்த்து மறுப்பு எழுதவும் யாருக்கும் தேவை ஏற்படவில்லை. தீர்க்கதரிசனம் என்றால் இப்படிப்பட்ட வசனமே என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால், கடவுளை நம்பாத ஒருவரும் ஏசாயாவோடு வாதாட முடியும், உடன்படவும் முடியும்.

‘தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். முதல் வாக்கியத்தை நம் நண்பர்களிடமும், இரண்டாவதை என் சபையாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பொதுவிடத்தில் நேருக்கு நேர் விவாதிக்கத் தயார் என்று இரு தரப்பாரும் தங்கள் பகுதியில் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டம் நடந்தால், பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் எரேமியா 26ஆம் அதிகாரத்தை முழுவதுமாகப் பகுத்தறிவுத் தரப்பைச் சேர்ந்த ஒருவரும், எசேக்கியேல் 29இன் 17 முதல் 20 வரையிலான வசனங்களை ஊழியர் ஒருவரும் சபை கேட்க உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கொடைக்கானல்.