சாவடிக்கு மரம் கொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியோர்களுக்கும் வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதில் நம் சாவடிக் கூரை பாதி உட்கார்ந்துவிட்டது தெரிந்ததே. இடித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்றவர்களும் உண்டு. நாட்டு ஓட்டுக் கூரையை விட மாட்டோம் என்று நின்றவர்களால் வேலை முடிந்தது.

முதல் நன்றி கீழத்தெரு அண்ணனுக்கு. பெயர் போட்டால் சண்டைக்கு வருவார். 2011-இல் அடித்த ‘தானே’ புயலில் பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோது, நம் ஊர் மரமெல்லாம் விறகு விலைக்குப் போயிற்று. இவர் மட்டும் தன் பலாவைச் சட்டமும் பலகையுமாக அறுத்து, மகள் கல்யாணக் கட்டிலுக்கென்று கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்தார். கேட்டதும் இறக்கிக் கொடுத்தார். அத்தனை வருஷம் நிழலில் காய்ந்த மரம் முறுக்காது, வெடிக்காது. மேலே கறுத்துக் கிடந்ததில் இழைப்புளி ஓடியதும் உள்ளே மஞ்சள் பளிச்சென்று வந்தது. அதுதான் இப்போது உத்தரமாக ஏறியிருக்கிறது. அந்தக் கட்டில் ஊர் பட்ட கடன்.

ஓட்டுச் சரிவைத் தாங்கும் கைமரத்துக்கு ஏரிக்கரையில் சாய்ந்த பனைகள். நின்ற பனை எதிலும் கை வைக்கவில்லை. நெல்லிக்குப்பத்து ஆசாரி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, இளம்பனையை ஒதுக்கிவிட்டார். முற்றின பனையிலும் நடுவில் இருப்பது மெத்தென்ற வெறும் சோறு. அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, ஓரத்தில் வைரம் பாய்ந்த கெட்டியான கறுப்பு மரத்தை மட்டும் நீளச் சட்டமாக, வாரையாக எடுத்தார். செதுக்குகிற வாச்சியின் வாய் மழுங்க மழுங்கத் தீட்டிக்கொண்டே செய்த வேலை. பாதிக் கூலிதான் வாங்கினார்.

சுவரில் பதியும் முனைகளுக்கு முந்திரிக்கொட்டையின் மேலோட்டில் எடுக்கிற எண்ணெய் பூசியிருக்கிறோம், கறையான் அண்டாது. அது பட்டால் தோல் வெந்துபோகும். கொட்டை உடைக்கிற அக்காமார்களுக்கு அந்தப் பக்குவம் பழக்கம். தேங்காய் எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு அவர்களே பூசிக் கொடுத்தார்கள். எங்களைக் கிட்டவே விடவில்லை.

டிராக்டர் விட்டவர்களுக்கும், ஓடு கழுவி அடுக்கிய பிள்ளைகளுக்கும், சாப்பாடு போட்ட மேலத்தெருவுக்கும், பணம் அனுப்பிய சிங்கப்பூர் தம்பிகளுக்கும் நன்றி. வரவு செலவு சாவடிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மிச்சப் பனைவாரை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கிறது. மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறவர்கள் ஆசாரியிடம் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். அடுப்புக்குக் கேட்டு யாரும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
சாவடி சீரமைப்புக் குழு