இருட்டில் பாடாத சிறுமியும் நம் வரலாற்றுப் பாடமும்

வரலாற்றுப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். தொழிற்புரட்சிப் பாடத்தைப் பல வருடங்களாக வகுப்பில் நடத்தி வருபவன் நான். நடத்துகிறேன் என்பதைவிட ஒப்பிக்க வைக்கிறேன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஹார்கிரீவ்ஸ், நூற்கும் ஜென்னி. ஆர்க்ரைட், நீர்ச்சட்டகம். கிராம்ப்டன், மியூல். கார்ட்ரைட், விசைத்தறி. இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் எந்திரம். 'பொருத்துக' பகுதியில் நாலு மதிப்பெண் உறுதி. பிள்ளைகளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தேர்வு முடிந்த மறுவாரம் கேட்டுப் பாருங்கள், மியூலை ஆர்க்ரைட் தலையில் கட்டிவிடுவார்கள். அது போகட்டும். அந்த நாலு வரிக்கு வெளியே அந்தக் காலத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதால்தான் இந்த மடல்.

போன வருடம் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு சிறுமியின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். பெயர் சாரா கூடர், வயது எட்டு. பிரிட்டனின் சுரங்கங்களில் பிள்ளைகள் செய்யும் வேலையை விசாரித்த அரசு ஆணையம் 1842இல் வெளியிட்ட அறிக்கையில் அவள் பேசுகிறாள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் காற்றோட்டத்துக்காக ஆங்காங்கே கதவுகள் வைத்திருப்பார்கள். கரி வண்டி வந்தால் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. உடம்புக்கு அலுப்பில்லை என்கிறாள். ஆனால் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பயமாக இருக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே உள்ளே போனால் வெளியே வருவது மாலை ஐந்துக்கும் ஐந்தரைக்கும். தூங்குவதே இல்லை. வெளிச்சம் இருந்தால் சில நேரம் பாடுவாளாம். இருட்டில் பாட மாட்டாளாம், தைரியம் வராதாம்.

கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒரு பையன், "கதவைத் திறக்கப் பெரியவங்க யாரையாவது வெச்சிருக்கலாமே சார்?" என்றான். "அவங்களுக்குக் கூலி அதிகம் கொடுக்கணுமே" என்று முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி பதில் சொன்னாள். நான் வாயைத் திறக்காமலேயே பாடம் நடந்துவிட்டது. அதே 1842இல் சட்டம் வந்ததைச் சொன்னேன்: பெண்கள் யாரும், பத்து வயது நிரம்பாத சிறுவர்களும் இனிச் சுரங்கத்துக்குள் வேலை செய்யக்கூடாது. "அப்ப பத்து வயசுப் பையன் போகலாமா?" போகலாம் என்றேன். மறுபடி அமைதி.

நம் புத்தகத்தில் இந்தச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வரி: 'தொழிலாளர் நலச் சட்டங்கள் இயற்றப்பட்டன.' யார் கேட்டு, யார் மறுத்து, எத்தனை முறை தோற்று இயற்றப்பட்டன? ஆலைப் பிள்ளைகளுக்காக 1802லும் 1819லும் சட்டம் போட்டார்கள். ஆலைக்குள் போய்ப் பார்க்க முறையான ஆள் இல்லாததால் அவை காகிதத்தோடு நின்றன. 1833 சட்டம்தான் நெசவு, நூற்பு ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பொதுவாகத் தடுத்து, பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வரம்பு வைத்து, கண்காணிக்க ஆய்வாளர்களையும் நியமித்தது. எத்தனை பேர் தெரியுமா? நான்கு. அதிலும் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் பிறப்பைப் பதியும் அரசுப் பதிவேடு தொடங்கியதே 1837இல். ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவர் ஆளைப் பார்த்து, அந்த வயதுப் பிள்ளைக்குரிய உடல்வாகு இருக்கிறது என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்ன அன்று என் வகுப்பில் பாதிப் பேர் எழுந்து நின்று உயரத்தை ஒப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு சட்டத்துக்கு ஆய்வாளரும் பதிவேடும் ஏன் வேண்டும் என்று குடிமையியல் பாடத்தில் நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லுட்டைட்டுகள் பகுதியைத் திருத்தியே ஆக வேண்டும். எந்திரத்தைக் கண்டு மிரண்டு உடைத்தவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறோம். 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் அவர்கள் உடைத்த காலுறை பின்னும் சட்டகம் புது எந்திரமே இல்லை. வில்லியம் லீ அதை உருவாக்கியது 1589இல். பின்னியவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சட்டகத்தில் கை பழகியவர்கள். கூலியைக் குறைத்தவர், மட்டமான காலுறையைத் தைத்து விற்றுத் தொழிலின் பெயரைக் கெடுத்தவர் என்று பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். பக்கத்தில் இருந்த நியாயமான முதலாளியின் சட்டகத்தை விட்டுவிட்டுப் போனதும் உண்டு. 1812இல் சட்டகம் உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரனின் முதல் பேச்சே அந்த மசோதாவை எதிர்த்துத்தான். புது எந்திரம் வரும்போது அதன் லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்று இன்றும் கேட்கிறோம். அதை முதலில் உரக்கக் கேட்டவர்களை முட்டாள்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் வேலைக்கே எந்திரம் வரும்போது வாயை மூடிக்கொள்வார்கள்.

இதைக் கண்ணீர்க் கதையாக மட்டும் நடத்தச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். துணி மலிவானது, மாற்றுத் துணி இல்லாதவனுக்கு அது பெரிய விஷயம். ரயில் வந்தது. அதிலும் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. அதற்கு முன் ஒவ்வொரு ஊரும் சூரியனைப் பார்த்துத் தன் மணியை வைத்துக்கொண்டது. லண்டனுக்கு மேற்கே இருக்கும் பிரிஸ்டல் நகரின் மணி லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்னால் இருக்கும். 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பாதை முழுக்க லண்டன் நேரத்தையே வைத்தது. ஊர் நேரத்தையும் விட மனமில்லை, ரயிலையும் விட முடியாது. பிரிஸ்டலின் தானியச் சந்தைக் கட்டடத்துக் கடிகாரத்தில் இரண்டு நிமிட முள் வைத்தார்கள். இன்றும் பார்க்கலாம். அந்தப் படம் ஒன்றைப் புத்தகத்தில் போட்டால் இரண்டு பக்க விளக்கம் மிச்சம்.

அதேபோல, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது என்பதும் பாடத்தில் வர வேண்டும். இப்போது பஞ்சு வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது.

பாடவேளை குறைவு என்பீர்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கண்டுபிடிப்பு அட்டவணையை எடுத்துவிடுங்கள், வேளை கிடைக்கும். வினாத்தாளில் 'பொருத்துக' இருக்கும் இடத்தில் சாராவின் வாக்குமூலத்தைக் கொடுத்து, 'இவள் பேசும்போது சுரங்க முதலாளி பக்கத்தில் நின்றிருந்தால் எந்த வரியைச் சொல்லாமல் விட்டிருப்பாள், ஏன்?' என்று கேளுங்கள். இதற்கு விடைக்குறிப்பு தயாரிப்பது கஷ்டம்தான், ஆளுக்கு ஒரு விடை வரும். திருத்த ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்