பட்டியலில் இல்லாத கணினி

மண்டபம்
ஜூன் 4

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நாம் இருவரும் ஒரே சைக்கிளில் போய்ப் படித்த கதையை அவர் மறுபடியும் தொடங்கிவிட்டார்.

இங்கே தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் எல்லாம் நங்கூரத்தில் நிற்கின்றன. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நண்டு மட்டும்தான் எங்கள் கொட்டகைக்கு வருகிறது. கச்சான் காற்று வலுத்துவிட்டதால் தென்கடலில் அதுவும் குறைவு. அந்த ஓய்வில்தான், விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் லினக்ஸ் கணினி தெரியவில்லை என்று உன் திருப்பூர் அலுவலகத்தில் இருக்கும் அதே சிக்கலோடு நானும் நான்கு நாள் மல்லுக்கட்டினேன்.

எடை போடும் இடத்தில் ஒரு பழைய கணினி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ். மாடி அலுவலகத்தில் விண்டோஸ். இதுவரை கணக்கைப் பென் டிரைவில்தான் மேலே கொண்டு போனோம். போன மாதம் பழைய கோப்பு புதியதன் மேல் ஏறி, ஓர் அக்கா இரண்டு நாள் உரித்த ஒன்பது கிலோ நண்டுச் சதைக்கான கணக்கு போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு துண்டுச் சீட்டுகளை எடுத்து என் மேசையில் வைத்தார். ஈரத்தில் பென்சில் எழுத்து பாதி கரைந்திருந்தது. 4 என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கூலி கொடுத்துவிட்டோம். ஆனால் அன்றைக்கே இரண்டு கணினிகளையும் இணைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் கேபிளிலேயே போயிற்று. முனையைக் கழற்றிப் பார்த்தால் செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று! வெட்டிவிட்டுப் புது முனை போட்டேன். எதிர்க் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங், விண்டோஸிலிருந்து போயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து போகவில்லை. அதைக் கண்டு பயப்படாதே. விண்டோஸின் ஃபயர்வால் என்ற காவல் நிரல் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சாதாரணம்.

இருந்தும் நெட்வொர்க் பட்டியலில் உபுண்டு வரவே இல்லை. பழுது பார்க்க வந்த தம்பி ஒருவர், கோப்பைப் பகிரும் நெறிமுறையான எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை இயக்கினால் உடனே தெரியும் என்றார். தெரியலாம்தான். ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை, நீயும் ஒப்புக்கொள்ளாதே. 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் உலகமெங்கும் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது தானாக வருவதில்லை. அக்கம்பக்கத்துக் கணினிகளின் பெயர்களைத் திரட்டிக் காட்டிய பழைய ஏற்பாடு அதை நம்பியே இருந்ததால், பட்டியலும் கூடவே போய்விட்டது. பட்டியலில் பெயர் வர வேண்டும் என்பதற்காக ஊதியக் கணக்கு இருக்கும் கணினியில் அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு, கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று உபுண்டு கணினியின் நெட்வொர்க் எண்ணை நேராக அடித்தேன். ஃபோல்டர் திறந்துகொண்டது! இத்தனை நாளும் கணினி அங்கேதான் இருந்திருக்கிறது. விளக்குப் போடாத வள்ளம் போல. கண்ணுக்குத் தெரியாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுக்கும். கணினியை எட்ட முடிகிறதா என்பது ஒரு கேள்வி, பட்டியலில் அது தெரிகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நான் மூன்று நாளைத் தொலைத்தேன்.

பட்டியலுக்கும் வழி இருக்கிறது. இப்போதைய விண்டோஸ் டபிள்யூ.எஸ். டிஸ்கவரி என்ற முறையில் அக்கம்பக்கத்தைத் தேடுகிறது. லினக்ஸில் கோப்பைப் பகிரும் சாம்பாவுக்கு அந்த மொழி தெரியாது. டபிள்யூ.எஸ்.டி.டி. என்ற சிறு நிரலை உபுண்டுவில் நிறுவினால் அது சாம்பாவுக்காகப் பேசும். லினக்ஸ் பக்கம் ஃபயர்வால் இயங்கினால் யு.டி.பி. 3702, டி.சி.பி. 5357 ஆகிய நெட்வொர்க் வாசல்களையும், கோப்புக்காக டி.சி.பி. 445-ஐயும் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடு. நிறுவிய சற்று நேரத்தில் எங்கள் எடைக் கணினியின் பெயர் மாடித் திரையில் வந்து நின்றது.

நீ புது ரூட்டர் மாற்றியதாக எழுதியிருந்தாய் அல்லவா? எனக்கு அங்கேதான் சந்தேகம். ரூட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக் என்று வைத்துவிடலாம். அப்போது தேடுவதும் காட்டுவதும் நின்றுவிடும். பிரைவேட் என்று மாற்று. லினக்ஸ் கணினி வைஃபையில் இருந்தால், விருந்தினர் இணைப்பில் மாட்டியிருக்கிறதா என்றும் பார். அந்த இணைப்பில் இருப்பவை மற்றக் கணினிகளோடு பேச முடியாதபடி ரூட்டரே பெரும்பாலும் தடுத்துவிடும்.

பாஸ்வேர்டு கேட்டு மறுத்தால் குழம்பாதே. உபுண்டுவுக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, சாம்பாவின் பாஸ்வேர்டு வேறு. சாம்பாவுக்குத் தனியாகப் பதிய வேண்டும். பாஸ்வேர்டே வேண்டாம் என்று விட்டுவிடலாம் என நினைக்காதே, புதிய விண்டோஸ் பதிப்புகள் பல அதை ஏற்பதில்லை.

நேற்று அந்த அக்காவை மாடிக்கு அழைத்துத் திரையைக் காட்டினேன். கீழே எடை ஏறியதும் அவர் பெயருக்கு நேரே 4.350 என்று வந்தது. திரையையும் கையிலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார். அதுவும் இருக்கட்டும் என்றேன்.

நாளைக் காலை உன் லினக்ஸ் கணினியின் எண்ணைக் கண்டுபிடித்து நேராக அடித்துப் பார். என்ன வந்தது என்று உடனே எழுது. மகளைச் சேர்த்துவிட்டு ஒரு நடை ஊருக்கு வா. புதுப் பாம்பன் பாலத்தில் நீ இன்னும் ரயிலில் போகவில்லை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை