தாத்தாவின் கை நடுங்குகிறதா என்று கேளுங்கள்

பெங்களூரில் தமிழ் பேசும் குழந்தை நல மருத்துவர்களுக்கும் நரம்பியல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். அல்சூரிலிருந்து எழுதுகிறேன். கன்னடத்தில் காய்கறி வாங்கவும் ஆட்டோக்காரரிடம் சண்டை பிடிக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கள் வீட்டில் தமிழ் டாக்டரைத்தான் தேடுவார்கள். வேலூரிலும் மதுரையிலும் படித்துவிட்டு இங்கே வந்த உங்களில் சிலரை அப்படித் தேடித்தான் பிடித்தோம். எங்களுக்குள் மொழி ஒரு தடையாக இருக்கவே இல்லை. அதனால்தான் வருத்தம் கொஞ்சம் கூடுதல்.

என் மகனுக்கு 9 வயது, அப்பாவுக்கு 73. இருவரும் ஒரே மருத்துவமனையில், ஒரே லிஃப்டில் ஏறி, ஒருவர் இரண்டாம் மாடியிலும் மற்றவர் நான்காம் மாடியிலும் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள். மகனின் கோப்பில் ஆட்டிசம் என்று எழுதியிருந்தது. அப்பாவின் கோப்பில் பார்க்கின்சன் என்று எழுதியிருந்தது. இரண்டு மாடிகளுக்கும் அடியில் இருந்தது ஒரே மரபணு. அது தெரியவர ஆறு ஆண்டுகள் ஆயின.

கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. மகனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண். ஒருநாள் எனக்கு வங்கியில் விடுப்பு கிடைக்காமல் அப்பா பேரனை அழைத்துப் போனார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறாள். மடியில் இருந்தவரை அப்பாவின் கை அசையவில்லை. பேனாவை எடுத்துத் தாளை நோக்கிக் கொண்டுபோகப் போக ஆட்டம் கூடியது. தாளைத் தொடப் போகும் கடைசி அங்குலத்தில் பேனா முனை ஈயைத் துரத்துவதுபோல் அலைந்தது. அன்று மாலை அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, பையனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் சோதனை எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இதில் என் பங்குக் குருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்தை ஒத்துப் பார்ப்பது என் தொழில். ஒரு நாளைக்கு எத்தனை காசோலை பார்க்கிறேன் என்று எண்ணியதில்லை. அப்பாவின் கையெழுத்தில் கடைசி எழுத்தின் சுழி ஆண்டுக்கு ஆண்டு சிக்கலாகிக் கொண்டே வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் எம்.டி. படித்தவள் இல்லை.

இனி உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மடல் திறந்தது, மற்றவர்களும் படிப்பார்கள். எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்றொரு மரபணு இருக்கிறது. அதன் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு முப்பது தடவை போல. 44 வரை கவலை இல்லை. 55 முதல் 200 வரை இருந்தால் முன்திரிபு. 200-ஐத் தாண்டிவிட்டால் முழுத்திரிபு: உடம்பே அந்த மரபணுவுக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது, அது தயாரிக்க வேண்டிய புரதம் வருவதில்லை. இதனால் வருவதுதான் ஃப்ரஜைல் எக்ஸ். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் எந்தப் புரதம் எப்போது, எவ்வளவு உருவாக வேண்டும் என்று அடக்கிவைக்கும் மேஸ்திரி அது. மேஸ்திரி இல்லாத நாளில் வேலை நின்றுவிடாது, கண்டபடி நடக்கும். வளரும் மூளையில் இணைப்புகள் முதிராமல் மெலிந்து நீண்டு நிற்கின்றன. ஆட்டிசத்துக்குக் காரணமென்று அறியப்பட்ட ஒற்றை மரபணுக்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

முன்திரிபில் கதை தலைகீழ். அங்கே பூட்டு இல்லை. மரபணு தன் நகலான ஆர்.என்.ஏ.வை அளவுக்கு மீறிப் படியெடுத்துத் தள்ளுகிறது. அந்த உபரி, முதுமையில் நரம்பணுக்களுக்கு நஞ்சாகிறது. கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, நினைவும் நிதானமும் குறைகின்றன. பேரனிடம் வாயே திறக்காத மரபணு தாத்தாவிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கு: அப்பாவுக்கு 88, எனக்கு 97, மகனுக்கு 200-க்கு மேல்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகனுக்கு மூன்று வயதில் முதன்முதலாக உங்களில் ஒருவரிடம் அழைத்து வந்தபோது குடும்பத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "சொந்தத்தில் கல்யாணமா?" இல்லை என்றேன். "அப்படியானால் பரம்பரையாக ஒன்றும் இருக்காது" என்று படிவத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டது. பிறகு போன இடங்களிலும் அதே கேள்வி, அதே கோடு. தமிழர் என்றால் அத்தை மகன், மாமன் மகள் என்று கேட்கத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் இந்த மரபணுவுக்குச் சொந்தமும் தெரியாது, அசலும் தெரியாது. ஒரே ஒரு எக்ஸ் போதும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாணியம்பாடியில் இருக்கும் அத்தையின் இரண்டாவது மகனைத்தான் எனக்கு முதலில் பேசினார்கள். நான் மறுத்தேன். காரணம், அவருடைய அண்ணன். நாற்பது வயதிலும் திண்ணையில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையெல்லாம் எண்ணி, கேட்ட வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லி, புறங்கையைக் கடித்துக்கொண்டிருப்பவர். சின்ன வயதுக் காய்ச்சலில் மூளை பாதித்துவிட்டது என்று அத்தை சொல்வார். சொந்தத்தில் கட்டாமல் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் அப்பாவுக்கும் அந்த அத்தைக்கும் ஒரே தாய். என்னிடமும் அது இருந்தது.

யாராவது கேட்டிருந்தால் வாணியம்பாடித் திண்ணையைச் சொல்லியிருப்பேன். அப்பாவின் நடுக்கத்தைச் சொல்லியிருப்பேன். எனக்கு 37 வயதில் மாதவிடாய் நின்றதையும் சொல்லியிருப்பேன். முன்திரிபு உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நாற்பதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. மகப்பேறு மருத்துவர் அதற்கு "ஸ்ட்ரெஸ்" என்று பெயர் வைத்தார். இதையெல்லாம் பொதுவில் எழுதுவதா என்று தங்கை கடிந்துகொண்டாள். எழுதாமல் இருந்துதானே இத்தனை நாள் போயிற்று.

நரம்பியல் மருத்துவர்களிடம் தனியாக ஒன்று. அப்பாவுக்கு மூன்று ஆண்டுகள் பார்க்கின்சனுக்கான லெவோடோபா மருந்து கொடுத்தோம். பலன் இல்லை, அளவைக் கூட்டினீர்கள். கை பார்க்கின்சனில்போல ஓய்வில் இருக்கும்போது நடுங்குகிறதா, முன்திரிபு நோயில்போல எதையாவது எடுக்கப் போகும்போது நடுங்குகிறதா என்பது ஒரு டம்ளர் காப்பியில் தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சிறுமூளையின் நடுத்தண்டுகளில் வெண்மை என்று ஒரு வரி இருந்தது. அடைப்புக்குறிக்குள் "வயது காரணமாக இருக்கலாம்". அந்த வெண்மைதான் இந்த முன்திரிபு நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று என்று நான் பிறகு படித்தேன். வாயில் காப்பி, கையில் செய்தித்தாள் என்று இருந்த மனிதர், இப்போது உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கிறார்.

இந்த நோய் உலகுக்குத் தெரியவந்த விதத்தை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1991-இல். முன்திரிபு உள்ள ஆண்கள் வெறுமனே கடத்துபவர்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்றே அதன் பிறகும் நம்பப்பட்டது. அமெரிக்காவில் ராண்டி ஹேகர்மன் என்ற குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் பிள்ளைகளை அழைத்துவந்த தாய்மார்கள், தங்கள் தகப்பனாருக்குக் கை நடுங்குகிறது என்று சொன்னார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டார். ஐந்து முதியவர்களைப் பற்றிய முதல் கட்டுரை 2001-இல் வந்தது. இப்போது ஐம்பதைத் தாண்டிய முன்திரிபு ஆண்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினருக்கு இது வருகிறது என்கிறார்கள். குழந்தைகளைப் பார்க்கும் ஒருவர் தாத்தாவைப் பற்றிக் கேட்டதால் தெரியவந்த நோய் இது. நம் ஊரே இதில் பின்தங்கியதும் இல்லை. பல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. எனப்படும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வகங்களில் ஃப்ரஜைல் எக்ஸ் சுண்டெலிகளின் மூளையை ஆராய்ந்திருக்கிறார்கள். எலிக்குக் கிடைத்த கவனம் என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

மரபணுச் சோதனை எடுக்காமலும் இல்லை. மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் என்று ஒன்றை எழுதிக் கொடுத்தீர்கள். நகையை வைத்துக் கட்டினோம். "எல்லாம் நார்மல்" என்று வந்தது. வழக்கமான எக்ஸோம் சோதனை இந்த மூன்றெழுத்துத் தொடரை எண்ணிச் சொல்வதில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்கென்று தனியாகப் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது, செலவும் குறைவு. அதை எழுதிக் கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

தெரிந்து என்ன ஆகப் போகிறது, மருந்தா இருக்கிறது என்று உங்களில் ஒருவர் கேட்டார். வேரோடு தீர்க்கும் மருந்து இல்லைதான். ஆனால் தகப்பனின் எக்ஸ் எல்லா மகள்களுக்கும் போகிறது, மகன்களுக்குப் போவதில்லை. என் தம்பிக்கு இது இல்லை என்று சோதனையே இல்லாமல் சொல்லலாம். தங்கைக்கு உண்டு என்பதும் சோதனைக்கு முன்பே தெரியும். அவள் இரண்டாவது குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆறு வயது மகள் கணக்கு ஏறவில்லை என்று பள்ளியில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். என் மாமியார் ஒன்பது ஆண்டுகளாக நான் கர்ப்பத்தில் பப்பாளி தின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவையெல்லாம் மருந்துச் சீட்டில் வராத விஷயங்கள்.

உங்கள் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். நிம்ஹான்ஸ் மருத்துவமனை வாசலில் விடியற்காலையில் நின்றிருக்கிறேன். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. நான் கேட்பது அதில் ஒரு நிமிடம். படிவத்தில் "சொந்தத்தில் கல்யாணமா?" என்ற வரிக்குக் கீழே மூன்று தலைமுறைக்கு இடம் விடுங்கள். பேச்சு வராத குழந்தை வந்தால் தாயின் தகப்பனார் எப்படி நடக்கிறார் என்று கேளுங்கள். கை நடுங்கும் முதியவர் வந்தால் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நாங்களாகச் சொல்ல மாட்டோம். பெண் எடுக்க வருகிறவர்களுக்குப் பயந்து மறைத்தே பழகிவிட்டோம். கேட்டால் சொல்வோம்.

வரும் செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு நான்காம் மாடியில் முறை. புதன்கிழமை மகனுக்கு இரண்டாம் மாடியில். இரண்டு நாளும் இரண்டு கோப்புகளையும் எடுத்து வருகிறேன். வங்கிச் செலான் ஒன்றின் பின்புறத்தில் குடும்பப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். அத்தையின் மூத்த மகனும் அதில் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வங்கி ஊழியர்,
அல்சூர், பெங்களூரு