சாரத்திலிருந்து இறங்கும் உரிமை

அயல்நாட்டுத் தொழிலாளர்களை வேலைக்கு எடுக்கும் நாடுகளின் தொழிலாளர் துறை அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

பல மாடிக் கட்டடத்தின் வெளிச்சாரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட் எல்லாம் இருக்கிறது. பெல்ட்டின் கொக்கியை மாட்டத்தான் அங்கே கயிறோ கம்பியோ இல்லை. காலடியில் பலகை ஆடுகிறது. விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் இறங்க மாட்டார். இறங்கினால் வேலை போய்விடும். வேலை அனுமதி அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் விசாவும் போய்விடும். ஊரில் ஏஜென்டுக்காக வாங்கிய கடன் மட்டும் வட்டியோடு நிற்கும்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று தகுந்த காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகுபவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981லேயே சொல்லிவிட்டது. 2022இல் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் சேர்த்தார்கள். உங்களில் பலருடைய சட்டத்திலும் இதே உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பாதுகாப்புச் சட்டம் கொடுப்பதைக் குடியேற்றச் சட்டம் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க எந்தத் துறையும் முன்வருவதில்லை.

புரியாத மொழியில் பாதுகாப்புப் பயிற்சி நடத்திக் கையெழுத்து வாங்குவதும் இதே கதைதான். விபத்து நடந்த பிறகு, "சொல்லிக்கொடுத்தோமே" என்று அந்தத் தாளைத்தான் நீட்டுகிறார்கள். அடிபட்டவரோ, தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, நசுங்கிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வருகிறார். அந்தக் காயம் உங்கள் கணக்கில் ஏறுவதே இல்லை. அந்தக் கணக்கை வைத்து விபத்து குறைந்துவிட்டது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

கத்தார் 2020இல், பழைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. நடைமுறையில் தடைகள் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் சட்டத்தை மாற்றவே முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆபத்தைப் பற்றிப் புகார் கொடுத்தவர் வேறு முதலாளியிடம் வேலைக்குச் சேர அனுமதி கொடுங்கள். அடிபட்டவரை, சிகிச்சையும் இழப்பீடும் முடியும்வரை திருப்பி அனுப்பாதீர்கள். பணியிடத்தைச் சோதிக்க வரும் ஆய்வாளர் பலகையையும் கயிற்றையும் பார்க்கட்டும். தொழிலாளியின் விசாவைக் கேட்கும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.